புல்லட்டுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

பெயிண்டைப் பார்த்து பணத்தைக் கொடுக்காதீங்க

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க நினைப்பவரா நீங்கள்? பளபள பெயிண்டையும் 'டப் டப்' சத்தத்தையும் கேட்டு மயங்கி விடாதீர்கள். முதலில் எஞ்சினிலும் சேசிஸிலும் வெட்டியிருக்கும் நம்பர்களைப் பாருங்கள். வண்டியின் ஜாதகமே அதுதான்!

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது புரியும். நாய்க்குட்டி வாங்கினாலே தாய் எது, தகப்பன் எது என்று விசாரிக்கிற ஊராச்சே!

பொருத்தம் என்றால் என்ன?

கம்பெனியை விட்டு வந்தபோது எந்த சேசிஸில் எந்த எஞ்சின் இருந்ததோ, அந்த ஜோடி இன்றும் பிரியாமல் இருந்தால் அது 'மேட்சிங் நம்பர்' வண்டி. பழைய வண்டி சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது இதற்குத்தான்.

1960-களில் வந்த இங்கிலாந்து ட்ரயம்ப் வண்டிகளில் இரண்டு இடத்திலும் ஒரே நம்பர் இருக்கும். எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யவில்லை. இரண்டும் வேறு வேறாக இருந்தால் பதற வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜோடி பிரிந்த கதை

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கி புல்லட் வந்தது. 1961-ல் மைசூர் ஜாவா, 1973-ல் அதே கம்பெனியின் எஸ்டி, 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ்.100 வந்தன. வாங்கியவர்கள் ஓட்டித் தேய்த்தார்கள். எஞ்சின் ஜாம் ஆனால் காயலான் கடையில் இன்னொன்றைப் பிடித்து மாட்டினார்கள். பெட்ரோல் செலவுக்குப் பயந்து புல்லட்டில் டீசல் எஞ்சின் வைத்தவர்களும் உண்டு. ஜோடி பிரியாத வண்டிக்கு கிராக்கி இருப்பதில் ஆச்சரியம் என்ன?

எஞ்சின் மாற்றினால் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. அதைவிட மோசம், நம்பரை ராவிவிட்டு புது நம்பர் அடிப்பது. அது திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். வாங்கியவர் பணமும் போய், வண்டியும் போய், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியதுதான்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

நம்பர் உள்ள இடத்தை நன்றாகத் துடையுங்கள். சுற்றிலும் அரம் போட்ட கீறல், வெல்டிங் தடம், கனமான பெயிண்ட் இருந்தால் உஷார்! மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் நம்பர் பதியும். அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.

"அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, வண்டியை ஓட்டிப் பாருங்க" என்று பேச்சை மாற்றினால் வந்த வழியே திரும்பி விடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரோ வேறு ஊரோ, வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகே அட்வான்ஸ்!

50 வயது ஆனால்...

பதிவாகி 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துடன் தனி நம்பர் தர மத்திய அரசு 2021-ல் விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தினமும் மில்லுக்கோ கடைக்கோ ஓட்டிப்போக முடியாது. 1985 ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் 2035 வரை பொறுக்க வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் தாத்தாவின் ஜாவா தூசி படிந்து கிடக்கிறதா? காயலான் கடைக்காரர் கிலோ விலை பேசும் முன், பீரோவில் பழைய ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். நம்பர் பொருந்தினால் எடைக்குப் போட்டு விடாதீர்கள்!