இதழுக்கு எழுதுவோம்

நம் கல்லூரியில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. விடுதி அறைகளிலும், பேருந்துப் பயணங்களிலும், வகுப்பறையின் கடைசி இருக்கைகளிலும் எத்தனையோ கவிதைகள் பிறக்கின்றன. ஆனால், நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பிறந்தவை அங்கேயே முடங்கிப் போகின்றன. ஆண்டுக்கொரு முறை இம்மலரில் எழுதுவதோடு பலருடைய எழுத்துப்பணி நின்றுவிடுகிறது. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. எழுதியதை எங்கே, எப்படி அனுப்புவது என்று சொல்லித்தர நம் வீடுகளில் ஆளில்லை. நம்மில் பலர் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். ஆதலால், தமிழ் இலக்கியம் மூன்றாமாண்டு பயிலும் நான், இலக்கிய இதழ்களுக்கு எழுதியனுப்பியதில் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

அனுப்புகிற சிலரும் கவிதையையே அனுப்புகிறோம். விமர்சனம் அனுப்ப முன்வருவோர் அரியர். இந்நிலை மாறவேண்டும் என்பதே என் முதன்மையான கருத்து.

'எழுத்து' காட்டிய வழி

1959ஆம் ஆண்டு ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' என்னும் ஏட்டைத் தொடங்கினார். இலக்கிய விமர்சனத்தை முதன்மையாகக் கொண்டே அது தோன்றியது. எனினும், முதலாண்டிலேயே ந. பிச்சமூர்த்தியின் கவிதையும், பசுவய்யா என்ற புனைபெயரில் சுந்தர ராமசாமி எழுதிய கவிதையும் அதில் இடம்பெற்றன. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட தருமு சிவராமு, இலங்கையின் திருகோணமலையிலிருந்து அவ்வேட்டுக்கு எழுதினார். அப்போது அவர் இருபது வயதையொட்டிய இளைஞர். கவிதையும் எழுதினார், விமர்சனமும் எழுதினார். 1962இல் செல்லப்பா 24 கவிஞர்களின் படைப்புகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்ற நூலாக்கினார்.

1970இல் 'எழுத்து' நின்றது. ஆனால், விமர்சனத்துக்கெனத் தொடங்கிய ஏடே தமிழ்ப் புதுக்கவிதையின் நாற்றங்காலாயிற்று என்பதை நாம் மறக்கலாகாது. நல்ல வாசகர் இருக்குமிடத்தில்தான் நல்ல கவிஞர் வளர்கிறார்.

முதலில் படிக்க வேண்டும்

எல்லா இதழும் எல்லாவற்றையும் வெளியிடுவதில்லை. வார இதழ் விரும்பும் கதை வேறு. இலக்கிய இதழ் தேடும் கதை வேறு. ஆகவே, ஓர் இதழுக்கு அனுப்புமுன் அதன் அண்மைய மூன்று இதழ்களையேனும் படித்துவிட வேண்டும். கதை எத்தனை பக்கம் வருகிறது, மரபுக்கவிதைக்கு இடமுண்டா, நூல் மதிப்புரை வெளியிடுகிறார்களா என்பவற்றை அப்போது நாமே அறிந்துகொள்ளலாம். சந்தா கட்ட இயலாதவர்க்கு மாவட்ட நூலகம் இருக்கிறது.

அனுப்பும் முறை

1. இன்று பெரும்பாலான இதழ்கள் மின்னஞ்சலிலேயே படைப்புகளைப் பெறுகின்றன. யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சிட்டு அனுப்புவது நலம். பழைய எழுத்துருக்கள் வேறு கணினியில் திறந்தால் குழம்பிவிடும். ரோஜாப் படத்தின்மேல் கவிதையைப் பொறித்து அனுப்பினால் ஆசிரியர் அதைத் திருத்தவும் முடியாது. அச்சுக் கோக்கவும் முடியாது.

2. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுடன் நான்கு வரிக் கடிதம் போதும். "இது என் சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது" என்ற உறுதிமொழி அதில் இருக்க வேண்டும். முகநூலில் இட்டதை வெளிவந்த படைப்பாகவே கருதும் ஆசிரியர்களும் உண்டு.

3. ஒரே படைப்பை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாகாது. மூன்று திங்கள் காத்திருந்து, மறுமொழி இல்லையேல் பணிவாக நினைவூட்டலாம். அதன்பின், திரும்பப் பெறுவதாகத் தெரிவித்துவிட்டு வேறிடம் அனுப்பலாம்.

4. படியொன்றைக் கட்டாயம் நம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விமர்சனம் என்பது யாது?

கதைச் சுருக்கம் விமர்சனம் ஆகாது. "அருமை, அற்புதம்" என்ற பாராட்டுரையும், ஆளைத் தாக்கும் வசையும் விமர்சனம் ஆகா. நூல் நம்மிடம் என்ன விளைத்தது, எதனால் விளைத்தது என்பதை நூலிலிருந்தே சான்று காட்டி நிறுவுவதே விமர்சனம். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை ஆகியவற்றைத் தருவது மரபு. மேற்கோளில் ஓர் எழுத்தும் பிறழக்கூடாது.

நம் கல்லூரி நூலகத்தில் எடுத்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றி ஆறு பக்கம் எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியர் என் பொதுக்கருத்துகளை எல்லாம் நீக்கி, ஒரேயொரு கதையின் முடிவை நான் ஆராய்ந்திருந்த பகுதியை மட்டும் இரண்டு பக்கமாக வெளியிட்டார். எது விமர்சனம் என்று எனக்கு உணர்த்தியது அந்த வெட்டுதான்.

பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. கருத்தரங்கக் கட்டுரையை அப்படியே இலக்கிய இதழுக்கு அனுப்புவதும் பொருந்தாது. அது ஆய்வாளர்க்கு எழுதியது. இது வாசகர்க்கு எழுதுவது. ஐ.எஸ்.எஸ்.என். என்னும் எட்டிலக்க எண்ணும் இதழை அடையாளங்காட்டும் எண்ணே, தரச்சான்று அன்று.

உரிமையும் எச்சரிக்கையும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எழுதியவரே. பதிவு செய்யாவிடினும் இவ்வுரிமை உண்டு. ஆயுட்காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். எழுத்துமூலம் கையொப்பமிட்டுத் தந்தாலன்றிப் பிறருக்கு மாறாது. விமர்சனத்துக்காகப் பிறர் நூலிலிருந்து நியாயமான அளவில் மேற்கோள் காட்டவும் அதே சட்டம் இடந்தருகிறது.

சிற்றிதழ்கள் பல சன்மானம் தரும் நிலையில் இல்லை. இதழ்ப்படி அனுப்பினாலே பெரிது. அது வேறு. ஆனால், "கவிதையுடன் பணமும் அனுப்புக; தொகைநூலில் இடமும் சான்றிதழும் தருவோம்" என்று வரும் அழைப்புகளிடம் நம் மாணவர்கள் விழிப்பாயிருக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்கே திண்டாடும் வீட்டிலிருந்து அப்பணம் போகிறது. அங்கே பணந்தான் தேர்வாகிறது, கவிதை தேர்வாவதில்லை.

நண்பர்களே! வருகிற விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு நூலைப் படித்து, அதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதுவோம். தோழர் ஒருவரிடம் கொடுத்துக் குறை கேட்டுத் திருத்துவோம். பிறகு ஓர் இதழுக்கு அனுப்புவோம். திரும்பி வந்தால் வரட்டும். படித்த நூல் நம்மோடு இருக்கும். பிறர் எழுத்தை நேர்மையாக எடைபோடப் பழகிய கை, தன் கவிதையில் எந்த வரியை அடிக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளும்.