மீன் தொட்டியில் படியும் ஆடை



காய்ச்சிய பால் ஆறினால் மேலே ஏடு படிகிறது. கோப்பையில் இறங்கிய ரப்பர் பாலை நேரத்தோடு எடுக்காவிட்டால் அதன் மேலும் தோல் கட்டிவிடும். வீட்டில் அழகுக்காக வைத்திருக்கும் மீன் தொட்டியிலும் இதுபோல ஓர் ஆடை படிவதுண்டு. வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால், மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோலைப்போல நீலமும் ஊதாவுமாக மின்னும். சில தொட்டிகளில் நிறம் எதுவும் தெரியாது. தூசி படிந்த கண்ணாடிபோல மங்கலாக இருக்கும். விரலை வைத்தால் விலகும், எடுத்தால் மறுபடி கூடிக்கொள்ளும்.

இது வெறும் அழுக்குதானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சிங்கப்பூரின் வடகோடியில் செம்பவாங் என்னும் வட்டாரம் இருக்கிறது. இன்று அங்கே எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் அதுவும் நம்மைப்போல ரப்பர் காடுதான். புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனி 1911-இல் ஏற்பட்டது. அந்த வட்டாரத்தில்தான் என் தங்கை குடும்பம் குடியிருக்கிறது. அவள் மகள் இரண்டடி நீளமுள்ள ஒரு தொட்டியில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்கள் வளர்க்கிறாள். அங்கே பிள்ளைகள் சாக்கடை வாய்க்காலில் வலை போட்டுப் பிடிக்கும் 'லோங்காங் மீன்' என்பதும் இந்தக் கப்பிதான். கடைசியாக நான் போயிருந்தபோது, விடியற்காலையில் அந்தப் பெண் என்னை எழுப்பி, "மாமா, மீனுக்கு மூச்சு வாங்குது, வந்து பாருங்க" என்றாள். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் முதல் நாளே செத்துவிட்டனவாம். "அண்ணே, வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்துறேன், அப்படியும் இப்படி ஆகுதே" என்றாள் தங்கை.

தண்ணீர் மாற்றியும் பயனில்லாமல் போனது ஏன்? குழாய் வைத்துத் தொட்டியின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி எடுக்கிறோம். நீர்மட்டம் இறங்க இறங்க மேலே உள்ள ஆடையும் கிழியாமல் கூடவே இறங்குகிறது. புது நீர் ஊற்றியதும் படகுபோல மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை முறை மாற்றினாலும் ஆடை தொட்டியைவிட்டு வெளியே போவதில்லை.

மீனும் நம்மைப்போலப் பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறது. நாம் காற்றிலிருந்து எடுக்கிறோம். அது நீரில் கரைந்திருப்பதிலிருந்து எடுக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயு நீருக்குள் இறங்குவதும், மீன் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவதும் பெரும்பாலும் மேல்பரப்பு வழியாகத்தான். மேல்பரப்பு அலைந்துகொண்டிருந்தால், பிராணவாயு சேர்ந்த மேல்நீர் கீழே போய், கீழ்நீர் மேலே வரும். ஆடை படிந்தால் இந்தச் சிற்றலை அடங்கிவிடுகிறது. அதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நல்ல நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். சிங்கப்பூர் வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியை எட்டுவது சாதாரணம். இரவில் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை இழுத்துக்கொள்வதால் விடியற்காலையில் தட்டுப்பாடு உச்சத்துக்குப் போகிறது.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. மலேரியாவை ஒடுக்க வாய்க்கால்களிலும் பள்ளங்களிலும் எண்ணெய் தெளிப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கொசுப்புழு நீர்ப்பரப்புக்கு வந்து, வால்பக்கத்து மூச்சுத்துளை வழியே மூச்சுவிடுகிறது. எண்ணெய்ப் படலம் அந்தத் துளையை அடைத்துப் புழுவைக் கொல்கிறது. தொட்டியில் படியும் ஆடை அவ்வளவு தடிப்பானதல்ல என்றாலும், மீனுக்குத் தொல்லை வருவதும் அந்த மேல்பரப்பிலிருந்துதான்.

ஆடை எங்கிருந்து வருகிறது? பாதி நாம் போடும் தீனி. மீன் தின்னாத துகள்களிலிருந்து கொழுப்பும் புரதமும் பிரிந்து மேலே மிதக்கும். அதை உண்ண நுண்ணுயிர்கள் வந்து கூடும். மீதி நம் வீட்டுக் காற்றிலிருந்து வருவது. என் தங்கை தொட்டியைச் சமையலறை வாசலுக்கு நேரே வைத்திருந்தாள். தாளிக்கும் எண்ணெய்ப் புகை முழுவதும் அங்கேதான் போய் இறங்கும். போதாததற்குப் பிள்ளை தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தொட்டிக்குள் விளையாடுவாள். அந்த எண்ணெய்க்கும் மீனுக்கும் என்ன உறவு என்று யாரும் யோசிப்பதில்லை!

இதை அகற்ற விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சமையலறையில் துடைக்க வைத்திருக்கும் வெள்ளை டிஷ்யூ தாள் போதும். அச்சடித்த தாள் வேண்டாம். மோட்டாரை நிறுத்தி நீர் அசையாமல் நின்றபின், தாளை நீர்ப்பரப்பின்மேல் படுக்கவைத்து, ஒரு முனையைப் பிடித்து மறுகோடிவரை மெதுவாக இழுத்து எடுங்கள். ஆடை தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டு மூன்று தாளில் பரப்பு தெளிந்துவிடும். தாள் இல்லையென்றால், ஒரு குவளையை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பு நீர்மட்டத்துக்கு மயிரிழை கீழே இருக்கும்படி அமுக்குங்கள். மேல்நீர் மட்டும் ஆடையோடு வழிந்து உள்ளே விழும்.

பரப்பை இப்படி வாரித் துடைக்கும் வழியை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் ஒரு வீட்டுப் பெண் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்பவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர், பாத்திரம் கழுவும் நீரின் மேல்பரப்பை உற்றுப் பார்த்தே ஆராய்ச்சி தொடங்கினார். தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு தகரப் பட்டையைக் குறுக்கே வைத்து நகர்த்தினார். பரப்பிலிருந்த அழுக்குப் படலம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. படலத்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை எப்படி மாறுகிறது என்று அளந்து, ஆங்கிலேய அறிஞர் ரேலி பிரபுவுக்கு எழுதினார். அவர் முயற்சியால் 1891-இல் அந்தக் கடிதம் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நம் பெண்கள் தினமும் கழுவிக் கொட்டுகிற அதே நீர்தான்!

தாளால் எடுத்தாலும் மறுநாள் மறுபடி வரும். வராமலிருக்க நீர்ப்பரப்பு அசைந்துகொண்டே இருக்கவேண்டும். ஃபில்டரிலிருந்து நீர் விழும் வாயை நீர்மட்டத்தை உரசும்படி உயர்த்தி வையுங்கள். அல்லது ஒரு சிறு ஏர் பம்ப் போடுங்கள். குமிழிகளே நேராகப் பிராணவாயுவைக் கொடுப்பதாக நினைக்கிறோம். அவை செய்யும் பெரிய வேலை மேல்பரப்பைக் கலக்கிவிடுவதுதான். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கவேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். தீனியை இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். தொட்டியை அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் எண்ணெயோ சோப்போ இருந்தால் வெறும் நீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

நீர் மாற்றுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு மாற்றினால் போதும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் கலக்கிறார்கள். வெறும் குளோரின் வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது. மீன் கடையில் விற்கும் முறிப்பு மருந்தைக் கலந்தபின்தான் ஊற்றவேண்டும். ஆடையை எடுத்தபின்னும் மீன் மேலே வந்து வாய் திறந்தால், தொட்டியில் கழிவு மிகுந்து நீர் கெட்டிருக்கலாம். அப்போது நீரை மாற்றாமல் தீராது. சண்டை மீனும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றை விழுங்குவது வேறு விஷயம்; அவற்றுக்கு இயற்கையே அப்படி. ஆனாலும் அவை ஆடையைக் கிழித்துக்கொண்டுதான் காற்றை எடுக்கவேண்டியிருக்கிறது.

கொசு மருந்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். டெங்கி பரவும்போது அடுக்குமாடிகளில் புகை அடிக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் டின்னில் வரும் மருந்தைத் தெளிக்கிறோம். இந்த மருந்துகளில் பல மீனுக்குக் கொடிய நஞ்சு. அடிக்கும் முன்பே தொட்டியை ஈரத்துணியால் மூடி, ஏர் பம்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பம்பு நச்சுக் காற்றை இழுத்து நீருக்குள் விட்டுவிடும். புகை முழுவதும் வெளியேறியபின் துணியை எடுத்துப் பம்பை மறுபடி ஓடவிடலாம். மீன் இல்லாத தொட்டியில் நீர் தேங்கவிடாதீர்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும்.