4 கிலோபைட்டில் ஓடிய நதி

1980களின் தொடக்கத்தில் வீடியோ கேம் சந்தையில் விண்கலம் சுடும் விளையாட்டுகள் குவிந்து கிடந்தன. ஆக்டிவிஷன் நிறுவனத்தின் கரோல் ஷாவும் திரை மேலிருந்து கீழே உருளும் விண்வெளி விளையாட்டைத்தான் முதலில் யோசித்தார். அந்த வகை ஏற்கெனவே மிகுதி என்று சக நிரலாளர் ஆலன் மில்லர் சொன்னதும் விண்கலம் போர் விமானமானது, விண்வெளி ஆறானது. 1982இல் அட்டாரி 2600 கருவிக்கு வெளியான அந்த ‘ரிவர் ரெய்டு’ பெருவெற்றி பெற்றது. ஆனால் அதை விற்பனைக்காக மட்டும் நினைவுகூர்வது போதாது. நிரல் எழுதுவதும் ஒரு படைப்புக்கலை என்பதற்கு அது முதல்தரமான சான்று.

அட்டாரி 2600இன் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். ஒரு திரையின் முழுப் படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. தொலைக்காட்சி ஒவ்வொரு வரியாக வரைந்துகொண்டு போகும்போதே அந்தந்த வரிக்கான தகவலை நிரல் தந்தாக வேண்டும். முழு விளையாட்டுக்கும் கார்ட்ரிட்ஜில் இருந்த இடமோ 4 கிலோபைட். நெடிய ஆற்றின் வரைபடத்துக்கு அதில் ஏது இடம்? எனவே ஷா ஆற்றைச் சேமித்து வைக்கவில்லை, கணக்கிட வைத்தார். ஒரு தொடக்க எண்ணிலிருந்து அடுத்தடுத்த எண்களைப் பிறப்பிக்கும் சிறு கணக்கே கரை ஒடுங்கும் இடத்தையும் கப்பல், ஹெலிகாப்டர், எரிபொருள் கிடங்கு வரும் இடங்களையும் தீர்மானித்தது. தொடக்க எண் மாறாததால் ஒவ்வொரு முறையும் அதே ஆறுதான் வந்தது. ஆடுபவர்கள் அதன் போக்கைப் படித்துத் தேர்ச்சி பெற முடிந்தது.

கணக்கு பிறப்பித்த ஆற்றுக்கு ஷா எப்படி ஆசிரியராவார் என்று கேட்கலாம். கணக்கு தந்தது எண்களை மட்டுமே. ஒவ்வொரு பகுதியும் பாலத்தில் முடிய வேண்டும் என்ற விதி ஷாவுடையது. எரிபொருள் கிடங்கின்மேல் பறந்தால் டாங்கி நிரம்பும், அதைச் சுட்டால் புள்ளி கிடைக்கும். உயிரா, புள்ளியா என்ற அந்த நெருக்கடியை எந்த எண்ணும் தானாக உருவாக்காது. நினைவகம் மலிந்த இக்காலத்துக்கு இந்தச் சிக்கனம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2016இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ எண்ணற்ற கோள்களைச் சேமித்து வைக்காமல் கணக்கிட்டே உருவாக்குகிறது. இடப் பற்றாக்குறை தீர்ந்த பிறகும் அந்த உத்தி பயன் தருகிறது.

2017இல் ஷா தம் நிரலையும் ஆவணங்களையும் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவை இருக்க வேண்டிய இடம் அதுதான். கணினி பயிலும் மாணவர்கள் இந்த விளையாட்டை ஆடிப் பார்ப்பதோடு நிற்காமல், அது இயங்கும் முறையையும் பாடமாகப் படிக்க வேண்டும்.