மடக்குக் கத்திகளில் அலுமினியக் கைப்பிடி

மடக்குக் கத்தியின் அலகு மடங்கி உள்ளே அமர்வதற்கு இடம் தரும் பகுதி கைப்பிடி ஆகும். மரம், கொம்பு, எலும்பு, நெகிழி, எஃகு, டைட்டேனியம் எனப் பல பொருட்களில் இது செய்யப்படுகிறது. எடை குறைவாகவும் உறுதியாகவும், அதேவேளை டைட்டேனியத்தைவிட மலிவாகவும் இருக்க வேண்டும் என்னும்போது அலுமினியம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆயினும் வெறும் அலுமினியம் மென்மையான உலோகம். சட்டைப் பையில் சாவிக்கொத்துடன் கிடந்தாலே அதில் கீறல் விழும். நாளடைவில் பொலிவிழந்து கையிலும் சாம்பல் கறை படியும். அதைக் கைப்பிடிக்கு ஏற்ற பொருளாக்குவது அதன் மேல் வளர்க்கப்படும் மெல்லிய ஆக்சைடுப் படலமே.

எடையும் உறுதியும்

அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம். டைட்டேனியம் 4.5 கிராம், எஃகு 7.8 கிராம். அதாவது ஒரே அளவுள்ள எஃகுக் கைப்பிடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியக் கைப்பிடிக்கு இருக்கும்.

தூய அலுமினியம் எளிதில் வளைந்துவிடும் என்பதால் கலப்புலோகங்களே பயன்படுகின்றன. மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6061, துத்தநாகம் சேர்ந்த 7075 ஆகிய இரண்டும் கத்தித் தொழிலில் அடிக்கடி காணப்படுபவை. பெயருக்குப் பின்னால் வரும் ‘டி6’ என்ற குறி, உலோகம் சூடாக்கப்பட்டு, விரைந்து குளிர்விக்கப்பட்டு, பின்னர் மிதமான வெப்பத்தில் வைத்துக் கடினமாக்கப்பட்டதைக் காட்டுகிறது. 7075-டி6 ஏறக்குறைய 6061-டி6 போல இருமடங்கு உறுதி உடையது. ஆனால் அரிமானத்தைத் தாங்குவதில் 6061 மேலானது. அமெரிக்காவின் பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ‘940’ கத்தி, பச்சை நிற 6061-டி6 கைப்பிடிக்காகவே பலருக்கு அடையாளம் தெரிவது.

ஆக்சைடுப் படலம்

காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின் மேல் தானாகவே ஓர் ஆக்சைடுப் படலம் உருவாகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்கள் மட்டுமே. அனோடைசிங் என்னும் மின்வேதி முறை இதே படலத்தை ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பாக்குகிறது. கைப்பிடித் தகடு சல்பூரிக் அமிலக் கரைசலில் அமிழ்த்தப்பட்டு, மின்சுற்றின் நேர்மின்வாயாக இணைக்கப்படும். அப்போது உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. இது வண்ணப்பூச்சைப் போல வெளியிலிருந்து ஒட்டப்படுவதன்று. ஒரு பகுதி உள்நோக்கியும் ஒரு பகுதி வெளிநோக்கியும் உலோகத்திலிருந்தே வளர்வது. எனவே தோல் உரிவதுபோல் உரிந்து வராது.

இவ்வாறு உருவாகும் படலத்தில் நுண்ணிய துளைகள் வரிசையாக இருக்கும். சாயத்தில் தோய்த்தால் சாயம் அத்துளைகளுக்குள் இறங்கும். பின்னர் கொதிநீரில் இட்டால் ஆக்சைடு நீரை ஏற்றுப் பருத்துத் துளைகளை அடைத்துவிடும். சிவப்பு, நீலம், பச்சை எனப் பல நிறங்களில் அலுமினியக் கைப்பிடிகள் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. கடுங்குளிர் நிலைக்கு அருகில் வைத்த அமிலத்தில், கூடுதல் மின்னோட்டத்துடன் செய்யும்போது இன்னும் தடித்த, கடினமான படலம் கிடைக்கும். கருஞ்சாம்பல் நிற ‘ஹார்டு அனோடைஸ்டு’ குக்கர்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

படலம் கடினமானது என்றாலும் அதன் அடியில் இருப்பது மென்மையான உலோகம்தான். கத்தி கல்தரையில் விழுந்தால் உலோகம் பள்ளமாகும். மேலே உள்ள படலம் விரிசல் விடும். கூர்மையான விளிம்புகளில் படலம் சீராக வளர்வதில்லை. ஆகவே நிறம் முதலில் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிவது விளிம்புகளில்தான். தேய்ந்த இடத்தை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. கத்தியைப் பிரித்து, பழைய படலத்தை நீக்கி, மீண்டும் அமிலத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். காரத்தன்மை மிக்க சோப்புத்தூளும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் இப்படலத்தை அரித்து நிறத்தை மங்கவைக்கும்.

சுவிஸ் சிப்பாய்க் கத்தி

அலுமினியக் கைப்பிடியின் பயனை மிகத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்துப் படையின் கத்தி. 1890ஆம் ஆண்டு மாதிரிக்கு ஓக் மரக் கைப்பிடி. எடை ஏறத்தாழ 144 கிராம். அடுத்து வந்த மாதிரிகளில் மரத்திற்குப் பதில் நார்ப்பலகை பயன்பட்டது. 1951ஆம் ஆண்டு மாதிரி 93 மி.மீ. நீளமும் 13.5 மி.மீ. தடிப்பும் ஏறத்தாழ 90 கிராம் எடையும் கொண்டிருந்தது. 1961ஆம் ஆண்டு மாதிரியில் கைப்பிடி அனோடைஸ் செய்த அலுமினியமானது. நீளம் மாறவில்லை, அலகு, துளையூசி, டப்பா திறப்பான், புட்டி திறப்பான் ஆகிய கருவிகளும் பெரிதும் மாறவில்லை. தடிப்பு 12 மி.மீ. ஆகவும் எடை 72 கிராம் ஆகவும் குறைந்தன.

இந்தக் குறைவு அடர்த்தியால் மட்டும் வந்ததன்று. வழக்கமான கத்தியில் உள்ளே ஓர் உலோகத் தகடும் அதன்மேல் மரம் அல்லது நெகிழியாலான பக்கத் தகடும் தேவை. அலுமினியம் போதிய உறுதியுடையது என்பதால் இரண்டின் வேலையையும் ஒரே தகடு செய்கிறது. விக்டோரினாக்ஸ் நிறுவனம் இவ்வகைக் கைப்பிடியை ‘அலாக்ஸ்’ என அழைக்கிறது. அலுமினியம் ஆக்சைடு என்பதன் சுருக்கம் இது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அந்நிறுவனத்தின் சிவப்பு நெகிழிக் கத்திகளில் உள்ள பல்குச்சியும் சாமணமும் செருக அலாக்ஸ் தகட்டில் இடமில்லை. நெகிழித் தகடு உடைந்தால் கழற்றிப் புதிதைப் பொருத்திவிடலாம். அலாக்ஸ் தகடோ கத்தியின் தறையாணிகளோடு சேர்த்து அடிக்கப்பட்டது; அதை மாற்ற முழுக் கத்தியையும் பிரித்தாக வேண்டும்.

தகட்டில் அச்சால் அழுத்தப்பட்ட கட்டக் கோலம் வெறும் அழகுக்கானதன்று. வழவழப்பான அலுமினியம் ஈரக் கையில் நழுவும். மடக்குக் கத்தியில் கை நழுவினால் போய்ச்சேரும் இடம் அலகு. மலிவான கத்திகள் பலவற்றில் இந்தச் சொரசொரப்பு இல்லாதது குறையே.

குளிர், பூட்டு, உப்பு

அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். 6061இன் வெப்பக் கடத்துதிறன், கத்திகளில் பயன்படும் டைட்டேனியக் கலப்புலோகத்தைப் போல இருபது மடங்குக்கும் மேல். பனிக்காலத்தில் வெறுங்கையால் பிடித்தால் அது கைச்சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கிறது. ஆக்சைடுப் படலம் வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது என்றாலும், சில மைக்ரோமீட்டர் தடிப்பு கையைக் காக்கப் போதாது.

கைப்பிடியின் ஒரு பகுதியே வளைந்து அலகைப் பூட்டும் வகைக் கத்திகளில் அலுமினியம் அரிது. அலகின் எஃகு அடிப்பகுதி மோதி மோதி அலுமினியப் பூட்டு முனையை விரைவில் தேய்த்துவிடும். அலுமினியக் கைப்பிடிக்குள் தனியே எஃகுப் பூட்டு பொருத்துவதே வழக்கம். எஃகும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியமே. திருகு, தறையாணி ஆகியவற்றைச் சுற்றி வெண்பொடி தெரிந்தால் அதுவே அடையாளம். கடலோரத்தில் பயன்படுத்திய கத்தியை நன்னீரில் அலசி உலர்த்துவது இதனால்தான்.

2008ஆம் ஆண்டு மாதிரியில் சுவிஸ் படை அலுமினியத்தை விட்டு, ரப்பர் போன்ற பிடிப்புப் பகுதிகள் கொண்ட நைலான் கைப்பிடிக்கு மாறியது. ஒரே கையால் திறக்கும் பூட்டு அலகும் மரமறுக்கும் வாளும் சேர்ந்த 111 மி.மீ. நீளக் கத்தி அது. எடை ஏறத்தாழ 131 கிராம். 1961ஆம் ஆண்டு மாதிரியை ஒத்த அலாக்ஸ் கத்தி ‘பயனியர்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்கப்படுகிறது.