பச்சை உடம்பும் புகையிலையும்

கர்ப்பம் என்று தெரிந்ததும் புகைப்பழக்கத்தை விட்ட பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் பழையபடி தொடங்கிவிடுவதாக மேலை நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே பேச்சு சிகரெட்டைப் பற்றியது. 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம். புகையிலையை மெல்லுபவர்களும் வாயில் அடக்குபவர்களும் அதைக் கொண்டு பல் தேய்ப்பவர்களும் 12.8 சதவீதம். ஆகவே திண்டுக்கல் பக்கத்துக் கன்னிவாடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தாய்மாரைக் காப்பது பற்றிப் பேசும்போது வெற்றிலையோடு வாய்க்குள் போகும் புகையிலையையும், வீட்டு ஆண்கள் விடும் பீடிப் புகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திண்டுக்கல் வட்டாரத்துக்குப் புகையிலை வெளியூர்ச் சரக்கு அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து போனது. புகையிலை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் ஒன்று வேடசந்தூரில் அமைந்தது. நிலத்திலும் கிட்டங்கியிலும் பெண்கள் அந்த இலையோடு புழங்கியே பிழைக்கிறார்கள். ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் என்பதால், அந்த வேலைக்குப் போய்வரும் தாய் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குவது நல்லது.

பிரசவமான பெண்ணுக்குப் பத்தியச் சோறு போட்டு, செரிப்பதற்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆபத்து அந்த மடிப்புக்குள்தான் நுழைகிறது. பாட்டியோ மாமியாரோ சுருக்குப் பையைத் திறந்து, "ஒரு துணுக்குப் போயிலை வச்சுக்கத்தா, ஒண்ணும் செய்யாது" என்று பாசத்தோடு நீட்டுவார். பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு விலகி இருந்தவளுக்கு அந்த ஒரு துணுக்கே போதும். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்ற தடை இப்போது இல்லை. இரவெல்லாம் உறக்கமில்லை, அலுப்பும் அழுகையும் மாறி மாறி வருகின்றன. போதாக்குறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மென்றுகொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் அவள் மன உறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வெறும் வெற்றிலையோ சோம்போ போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். பாக்கும் வேண்டாம், அதையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

மென்றாலும் புகைத்தாலும் நிகோடின் இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து தாய்ப்பாலுக்குப் போகிறது. இரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் அதன் அளவு கூடுதல். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டினை அது குறைக்கிறது. பால் குடித்த குழந்தையின் தூக்கமும் கெடுகிறது. உறங்காத பிள்ளையால் தாய் மேலும் சோர்ந்து, சோர்வுக்கு மருந்தாக மறுபடி புகையிலையையே தேடுகிறாள்.

பீடிப் புகை சூழ்ந்த வீட்டில் வளரும் பச்சிளங்குழந்தைக்குச் சளி, மூச்சிரைப்பு, காதில் சீழ் ஆகியவை அதிகம் வரும். தூக்கத்திலேயே திடீரென உயிர் பிரியும் ஆபத்தும் கூடுகிறது. திண்ணையில் பிடித்துவிட்டு உள்ளே வந்தாலும் சட்டையிலும் விரலிலும் நஞ்சு ஒட்டியிருக்கும். கணவன் அடியோடு விட்டுவிடுவதே மனைவிக்கும் பெரிய துணை. குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

பிரசவத்துக்குப் பின் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். 6, 10, 14ஆம் வாரங்களில் தாய் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். எடை பார்க்கும்போதே "வெற்றிலையோடு என்னம்மா போடுறே, வீட்டில் யார் பீடி குடிக்கிறாங்க" என்று ஒவ்வொரு முறையும் கேட்பது பெரிய உதவி. அதட்டிக் கேட்டால் உண்மை வெளியே வராது.

புகையிலையை விட்டதும் வரும் தவிப்பு முதல் வாரத்தில்தான் கடுமை. சில வாரங்களில் தணிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அந்த ஆசை சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடிப்பது, ஏலக்காயை வாயில் போடுவது, பிள்ளையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுச் சற்று நடப்பது எல்லாம் அந்த நேரத்தைக் கடத்த உதவும். நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பாலூட்டும் தாய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.

ஒருநாள் தவறிப் போட்டுவிட்டாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. புகையிலையால் வரும் கெடுதலுக்கு நடுவிலும் தாய்ப்பால் பிள்ளைக்குக் காப்பாகவே இருக்கிறது. இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் வாயைக் கொப்பளித்து, கை கழுவி, அடுத்த முறை பாலூட்டுவதற்குள் முடிந்தவரை இடைவெளி விட வேண்டும். புகைத்தவர் யாராக இருந்தாலும் அன்றிரவு குழந்தையோடு ஒரே பாயில் படுக்கக்கூடாது.