தண்ணீர் கேட்கும் எஞ்சின்

1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது அதை இழுத்தது நீராவி எஞ்சின். பழைய எஞ்சின் ஒன்றைச் சீராக்கி மறுபடி ஓட்ட முடியாதா என்ற ஆசை ரயில் பிரியர்களுக்கு உண்டு. முடியும். 1855இல் செய்த ‘ஃபேரி குயின்’, ‘எக்ஸ்பிரஸ்’ இரண்டையும் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனை ஓடவைத்திருக்கிறது. மற்ற ரயில்களும் ஓடும் பெரிய தடத்தில் விடும்போதுதான் சிக்கல்; அது எஞ்சின் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

தீயறையின் அனல் பாய்லருக்குள் நீளமாகப் போட்ட குழாய்களின் வழியே ஓடுகிறது. குழாய்களைச் சுற்றித் தண்ணீர். அது கொதித்து எழும் ஆவி பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடிந்த ஆவி புகைபோக்கியில் சீறி வெளியேறும்போது, தீக்குள் காற்றை இழுத்துவிட்டுப் போகிறது. ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவுக்குத் தீயும் மூளும். இதைவிட அழகான ஏற்பாட்டை எந்த இயந்திரத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் போன ஆவி போனதுதான். தீயறையின் கூரை எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். வற்றினால் தகடு பழுத்து இளகி, பாய்லரே வெடித்துவிடும்.

ஆகவே வழிநெடுகத் தண்ணீர் வேண்டும். முன்பு ஸ்டேஷன்களில் தண்ணீர்த் தொட்டிகள் நின்றன. பயர்மேன் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள டெண்டர்மேல் ஏறிக் குழாயைத் திருப்பி நிரப்புவார். இன்று சிரம்பான் தடத்தின்மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதன் கீழே டெண்டர்மேல் ஏறுவது உயிரைக் கொடுப்பதற்குச் சமம். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பக்கவாட்டில் ஏற்றலாம்தான். அதுவரை பின்னால் வரும் கொமுட்டரும் இ.டி.எஸ். ரயிலும் காத்திருக்குமா? கம்பியைத் தாங்கும் பீங்கான்களில் புகைக்கரி படிவது தனிக் கவலை.

சபாவில் இந்தத் தொல்லை இல்லை. கம்பியில்லாத, நெரிசலில்லாத தஞ்சோங் ஆரு–பாப்பார் பாதையில், 1954இல் இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரி செய்த எஞ்சின் விறகை எரித்துச் சுற்றுலா ரயிலை இழுத்திருக்கிறது.

நம் பக்கமும் பாய்லர் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. செம்பனை ஆலைகளில் நாரையும் ஓட்டையும் எரித்து பாய்லர் ஓட்டுகிறவர்கள், தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள். நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழருக்கு இது பழகிய தொழில். இப்போது ரயில் இல்லாத போர்ட்டிக்சன் பாதையைச் செப்பனிட்டு, இவர்களில் சிலருக்கு எஞ்சின் ஓட்டப் பயிற்சியும் கொடுத்தால், பெரிய தடத்தைத் தொடாமலே ஒரு நீராவி ரயிலை ஓட்டலாம் என்பது என் எண்ணம்.