ஒரு கணக்கு, இரு விடைகள்

8÷2(2+2) எவ்வளவு? 2019-ஆம் ஆண்டில் சமூக ஊடகங்களில் பரவிய இந்தச் சிறு கணக்கு, 16 என்போரையும் 1 என்போரையும் இரு அணிகளாக்கி மோதவிட்டது. கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இதற்கெனக் கட்டுரையே எழுதினார். இத்தகைய புதிர்கள் இன்றும் எண்கள் மாறித் தலைகாட்டுகின்றன. மாற்று விடை சொல்பவரைக் கணக்கறியாதவர் என்று எள்ளுவதும் தொடர்கிறது. அது நியாயமன்று.

பள்ளியில் 'போட்மாஸ்' என்று மனப்பாடம் செய்த விதி நினைவிருக்கலாம். முதலில் அடைப்புக்குறி, அடுத்து அடுக்கு, பின்னர் வகுத்தலும் பெருக்கலும், இறுதியில் கூட்டலும் கழித்தலும். வகுத்தலும் பெருக்கலும் சமநிலை உடையவை. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதையே முதலில் செய்ய வேண்டும். கூட்டல், கழித்தலுக்கும் இதுவே முறை. சுருக்கச்சொல்லின் எழுத்து வரிசையை அப்படியே நம்பி, 10-4+3 என்பதற்கு 3 என்று விடை சொல்பவர்கள் உண்டு. சரியான விடை 9.

பெருக்கலுக்கு ஏன் முன்னுரிமை? 500 ரூபாய்க்கு அரிசியும், தலா 40 ரூபாய்க்கு மூன்று சோப்புகளும் வாங்கினால் 500+3×40 என்று எழுதுகிறோம். 3×40 என்பது மூன்று நாற்பதுகளின் சுருக்கம். அதை உடைத்தால் கணக்கின் பொருளே கெடும். கடைகளில் உள்ள சாதாரண கால்குலேட்டரில் இதே வரிசையில் அழுத்தினால் 620-க்குப் பதிலாக 20,120 என்று காட்டும். அது 500-ஐயும் 3-ஐயும் உடனே கூட்டிவிடுகிறது. இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். அலுவலகக் கணக்குத்தாளில் ஒளிந்திருப்பதுதான் ஆபத்து: -3^2 என்பதற்கு எக்செல் தரும் விடை 9, பைத்தான் கணினி மொழியில் அதையே -3**2 என எழுதினால் கிடைப்பது -9.

மீண்டும் புதிருக்கு வருவோம். பள்ளி விதியை அப்படியே பின்பற்றினால் விடை 16. ஆனால், பெருக்கல் குறியின்றி ஒட்டி எழுதிய 2(2+2) என்பதை ஒரே உறுப்பாகக் கொள்வது இயற்கணிதம் பழகியவர்களின் இயல்பு. அவர்களுக்கு விடை 1. கருவிகளே இதில் ஒத்துப்போவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 கால்குலேட்டர் ஒட்டி எழுதிய பெருக்கலுக்கு முன்னுரிமை அளித்தது. அடுத்து வந்த டிஐ-83 அளிக்கவில்லை.

ஆக, குற்றம் விடை சொன்னவரிடம் இல்லை, கணக்கை எழுதியவரிடம் இருக்கிறது. (8÷2)×(2+2) என்றோ, 8÷(2×(2+2)) என்றோ எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை. 1659-இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் ரான் தம் இயற்கணித நூலில் வகுத்தலுக்குப் பயன்படுத்திய ÷ குறியை, இன்றைய பன்னாட்டுத் தர நிர்ணயம் ஐ.எஸ்.ஓ. 80000-2 தவிர்க்கவே சொல்கிறது.